இல்லாத கடன்

கடனைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் நான் மாணவர்களுக்குச் சொல்லும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. மதீனாவில் ஒரு ஜனாஸா கொண்டுவரப்படுகிறது. மையித்துக்குக் கடன் ஏதும் உண்டா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவுகிறார்கள். மூன்று தீனார் உண்டு என்று தெரிந்ததும், தோழர்களையே தொழ வைத்துக்கொள்ளச் சொல்லி ஒதுங்கிக் கொள்கிறார்கள். அபூ கத்தாதா (ரலி) அவர்கள் முன்வந்து அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்ற பிறகே தொழ வைக்கிறார்கள். புகாரி ஷரீபில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியைச் சொல்லி முடிக்கும்போது வகுப்பில் ஓர் அமைதி நிலவும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றோரிடமும் சொல்வார்கள்.

அந்த உபதேசத்தின் விளைவாக எங்கள் ஊரில் ஒரு குடும்பம், தான் பட்டிராத கடன் ஒன்றைக் கட்டியது. கட்டச் சொன்னவன் நானே. அதை மறைக்காமல் எழுதிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

எங்கள் குருபரப்பள்ளி, கிருஷ்ணகிரிக்கும் சூளகிரிக்கும் இடையில் பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். சென்னையிலிருந்து வரும் லாரியும் சேலத்திலிருந்து வரும் லாரியும் கிருஷ்ணகிரியில் ஒன்றுசேர்ந்து எங்கள் ஊரைக் கடந்துதான் ஓசூர் வழியாக அத்திப்பள்ளி எல்லையைத் தாண்ட வேண்டும். ஒரு காலத்தில் மாந்தோப்புகளும் கேழ்வரகுக் கொல்லைகளுமாக இருந்த பகுதி. எழுபதுகளில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. இன்று எங்கள் ஊர்ப் பக்கமே சிப்காட் வந்துவிட்டது. பெரிய தொழிற்சாலைகளுக்குச் சின்னச் சின்ன உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறைகள், வெல்டிங் கடைகள், டயர் கடைகள், பழுது பார்க்கும் கூடங்கள் என்று சாலையோரம் நிறைந்திருக்கிறது. கடைவீதியில் நான்கு மொழி கேட்கும். இரும்புக் கம்பி பெங்களூரிலிருந்து வரும், கடைந்த பொருள் ஓசூருக்குப் போகும், பணம் எங்கிருந்தோ வங்கிக் கணக்கில் வந்து விழும். ஆகவே பெங்களூர் முகவரியிட்ட பில் ஒன்று கூரியரில் வந்தால் எங்கள் ஊரில் எவரும் திகைப்பதில்லை. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். முன்பின் தெரியாத ஊரிலிருந்து வந்த தாளாக இருந்திருந்தால் ஒருவேளை நாங்களும் யோசித்திருப்போம்.

என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தந்தை அப்படியொரு லேத் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு எந்திரம், ஒரு வேலையாள், அவரோடு சேர்த்து இரண்டு பேர். கணக்கு வழக்கெல்லாம் அவருடைய துணைவியார். தொழிற்பதிவும் ஜி.எஸ்.டி. எண்ணும் அந்த அம்மையாரின் பெயரில்தான் இருக்கின்றன. ஓசூர்க் கம்பெனிகள் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் ஜாப் ஒர்க் தருவதில்லை என்பதால் வாங்கியது. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆனால் சலான் ஒன்று காணாமற்போனால் மூன்று மாதம் கழித்தும் தேதி சொல்லுவார்.

2023ஆம் ஆண்டு, நோன்புப் பெருநாள் முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். ஒருநாள் அஸருக்குப் பின் மகனைக் கூட்டிக்கொண்டு மதரஸா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கெட்டித்தாள் உறை. "ஹஜ்ரத், இங்கிலீஷிலே இருக்கிறது. என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். நான் ஆலிம் பட்டத்தோடு பி.ஏ.வும் படித்தவன் என்பதால் ஊரில் ஆங்கிலத் தாள் எது வந்தாலும் ஒருமுறை என் கைக்கு வந்து போகும். பத்திரம், வங்கிக் கடிதம், மருந்துச் சீட்டு, எல்லாம். எனக்கு அதில் சிறிது பெருமையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தொழில் நிறுவனங்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண்களைத் தொகுத்து வெளியிடும் டைரக்டரி ஒன்றில் அவர்களுடைய பட்டறையின் பெயரைச் சேர்த்ததற்கான பில் அது. நம் இளமையில் தொலைபேசி வைத்திருந்த வீடுகளில் மஞ்சள் பக்கம் என்று கனத்த புத்தகம் ஒன்று கிடக்குமல்லவா, அந்த வகை. கட்டணம் 15,000 ரூபாய், மத்திய ஜி.எஸ்.டி. 1,350, மாநில ஜி.எஸ்.டி. 1,350, ஆக மொத்தம் 17,700. பத்து நாளில் செலுத்தாவிட்டால் சட்ட நடவடிக்கை என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி. தொலைபேசி மூலம் தங்கள் ஒப்புதல் பதிவு செய்யப்பட்டுள்ளது என்று மற்றொரு வரி.

"யாராவது போன் செய்து கேட்டார்களா?" என்றேன். சிறிது யோசித்து, "ஒரு பெண் பேசினாள். பட்டறைப் பெயர், விலாசம், நம்பர் எல்லாம் சரிதானா என்று கேட்டாள். சரிதான் என்று சொன்னேன்" என்றார். பணம் பற்றிப் பேச்சு வந்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். அதை விட்டுவிட்டு, "அவர் ஏதும் சொல்லியிருக்கிறாரா?" என்று கணவரைப் பற்றிக் கேட்டேன். "அவரும் சொல்லியிருப்பாரோ என்னவோ" என்றார். அவ்வளவுதான். நான் தாளை மடித்துக் கொடுத்துவிட்டு, "கடன் என்று எழுதி வந்துவிட்டது. வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், கட்டிவிடுங்கள்" என்றேன். மூன்று தீனார் நிகழ்ச்சியையும் சொன்னேன் என்று நினைவு.

அவர்கள் கட்டிவிட்டார்கள். பெரிய எந்திரத்தின் மோட்டாருக்குக் காயில் கட்ட வைத்திருந்த பணம் அது. மோட்டார் அடுத்த வாரமே நின்றுபோயிற்று. பதினொரு நாள் எந்திரம் ஓடவில்லை. ஓசூர்க்காரர்கள் காத்திருப்பார்களா? அந்த மாத வேலை வேறொரு பட்டறைக்குப் போயிற்று. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. யாரும் வந்து குறை சொல்லவில்லை.

மறு ஆண்டு அதே பருவத்தில் மீண்டும் ஓர் உறை வந்தது. இம்முறை புதுப்பித்தல் கட்டணம் 20,000, வரியோடு 23,600. கூடவே ஒரு வக்கீல் நோட்டீஸ். அந்த அம்மையார் இரண்டையும் என் முன் வைத்துவிட்டு, "ஹஜ்ரத், போன வருடம் காசு கட்டினோமே, அந்தப் புத்தகம் எங்கே? ஒரு பிரதி கூட வரவில்லையே. அதைப் பார்த்து ஒருவராவது போன் பண்ணியிருக்க வேண்டாமா?" என்றார்.

பி.ஏ. படித்த எனக்கு ஓராண்டாகத் தோன்றாத கேள்வி. பதில் சொல்ல நா எழவில்லை. பில்லை மறுபடி வாங்கிப் பார்த்தேன். இம்முறை முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தைத் திருப்பினேன். சாம்பல் நிறத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், பத்துப் பன்னிரண்டு வரிகள். வெயிலில் கொண்டுபோய் வைத்துப் படித்தேன். இது ஒரு சேவைக்கான முன்மொழிவு என்றும், தொகையைச் செலுத்துவதே அதனை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்றும், ஏற்பு மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்றும் அங்கே இருந்தது.

அதாவது, முதல் ஆண்டு அவர்களுக்கு எந்தக் கடனும் இல்லை. பில் என்று பெயரிட்டு வந்தது ஒரு விண்ணப்பம். நான் கட்டச் சொன்னேனே, அந்தக் கட்டுதல்தான் கையெழுத்து. கடனை அடைக்கச் சொல்வதாக எண்ணிக்கொண்டு ஒரு கடனை உண்டாக்கி வைத்தவன் நான்.

அன்று இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. திருமறையின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். ஆண்டுதோறும் அதைப் பாடமாக நடத்துகிறவன் நான். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ள வேண்டும், எழுத்தர் நீதியோடு எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்பதையெல்லாம் விளக்குவேன். அதில் எழுத்தருக்கு வாசகத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவர் அல்லர், கடன்பட்டவர். இன்ன தொகை என் மீது கடமை என்று அவர் வாயால் வர வேண்டும். அவர் இயலாதவராக இருந்தால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். எவனோ ஒருவன் தன் அலுவலகத்தில் அமர்ந்து, நீ எனக்கு இவ்வளவு தர வேண்டும் என்று தானே எழுதித் தானே முத்திரையிட்டு அனுப்பும் தாள் இந்த முறைக்கு நேர் எதிரானது. இத்தனை ஆண்டு நடத்திய பாடத்தில் இது என் கண்ணில் படவே இல்லை. ஒரு லேத் பட்டறையின் பில் வந்துதான் படவைத்தது.

ஃபிக்ஹுப் பாடத்திலும் அப்படியே. ஈஜாப், கபூல் என்று இரண்டும் சேர்ந்தால்தான் வியாபாரம். ஒருவர் முன்மொழிய மற்றவர் ஏற்க வேண்டும். துருக்கி உதுமானியப் பேரரசின் காலத்தில், 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட மஜல்லா என்னும் சட்டத் தொகுப்பு ஹனஃபி மத்ஹபின் கொடுக்கல் வாங்கல் சட்டங்களை வரிசையிட்டுத் தருகிறது. மௌனமாக இருப்பவர் மீது எந்தச் சொல்லையும் ஏற்றக்கூடாது. பேசியே தீரவேண்டிய இடத்தில் மட்டுமே மௌனம் பேச்சாகும் என்ற விதி அதன் 67ஆம் பிரிவாக இருக்கிறது. விலாசம் சரிதானா என்ற கேள்விக்குச் சரிதான் என்று சொன்னது விலாசத்துக்கு மட்டுமே பதில். பதினைந்தாயிரம் ரூபாய் அங்கே பேசப்படவே இல்லை. நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும் இதையே சொல்கிறது. ஒரே பொருளை ஒரே கருத்தில் இருவரும் ஒப்புக்கொண்டால்தான் அது சம்மதம். ஏமாற்றிப் பெற்ற சம்மதத்தால் ஆன ஒப்பந்தத்தை ஏமாந்தவர் விரும்பினால் தள்ளிவிடலாம்.

இந்த வஞ்சனை எங்கள் சாலையோரத்தில் பிறந்ததன்று. எங்கள் பட்டறைக்கு மட்டும் நேர்ந்தது என்று எண்ணி வெட்கப்பட்டுக்கொண்டிருந்த எனக்கு, தேடிப் படித்தபோது அது பெரிதும் ஆறுதலாயிற்று. பிரிட்டனில் 1971ஆம் ஆண்டிலேயே கேட்காத பொருள்களும் சேவைகளும் குறித்த சட்டம் ஒன்றில் டைரக்டரிக்கென்றே தனிப்பிரிவு வைத்தார்கள். வணிகர் முன்கூட்டியே ஒப்பமிட்ட ஆர்டர் இல்லையேல் அவர் பெயரைப் போட்டதற்குக் காசு கேட்க முடியாது. அமெரிக்காவில், பில் போலத் தோற்றமளிக்கும் விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பினால், இது பில் அன்று என்று அதிலேயே பளிச்செனத் தெரியும்படி அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்நாட்டு மஞ்சள் பக்கத்தின் சின்னமான நடக்கும் விரல்களைத் தொலைபேசிக் கம்பெனி தன் வணிகச் சின்னமாகப் பதிந்து வைக்காததால், யார் வேண்டுமானாலும் தங்கள் போலிப் பில்லில் அதைப் பொறித்துக்கொள்ள முடிந்தது. ஐரோப்பாவிலோ, தங்கள் விவரம் சரிதானா என்று கேட்டு வரும் படிவத்தில் கையெழுத்திட்டுத் திருப்பியனுப்பியவர்கள் மூன்றாண்டுக்கு, ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் யூரோ வீதம், மாட்டிக்கொண்டார்கள். நானூறுக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்ததும், 2008 டிசம்பர் 16ஆம் நாள் ஐரோப்பிய நாடாளுமன்றம் இதைக் கண்டித்துத் தீர்மானமே நிறைவேற்றியது. முறையிட்டவர்களும் பெருமுதலாளிகள் அல்லர், சிறுதொழில் செய்பவர்கள்.

பெரிய கம்பெனியில் ஆர்டர் கொடுப்பவர் ஒருவர், பணம் கட்டுபவர் இன்னொருவர். அவ்விருவருக்கும் இடையிலுள்ள சந்தில்தான் இந்தத் தாள் நுழைகிறது. நம் வீடுகளிலும் அதே சந்து இருக்கிறது. எந்திரத்தின் முன் நிற்கும் கணவர், அவள் ஏதோ சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறார். கணக்கு எழுதும் மனைவி, அவர் ஏதோ ஒப்புக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறாள். பின்னர் விசாரித்தபோது, அந்தப் பட்டறைக்காரர், "நீதான் போனில் சொன்னாயாமே, கேட்டால் உனக்கு மனம் வருந்துமே என்று சும்மா இருந்தேன்" என்று மனைவியிடம் கூறினார். நல்ல குணம்தான். வஞ்சகன் பிழைப்பு நடத்துவதும் அந்த நல்ல குணத்தை நம்பித்தான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு வருத்தமாக இருக்கலாம். கேள்வி கேட்காமல் விளம்பரத்துக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தைச் சிறுகடைக்காரர்களுக்கு ஏற்படுத்தியதில் நமக்கும் பங்குண்டு. ஆண்டுவிழா மலர், திறப்புவிழா மலர், காலண்டர் என்று ரசீதுப் புத்தகத்தோடு கடை வாசலில் போய் நிற்கிறோம். அரைப்பக்கம் உங்கள் பெயரில் போட்டுவிட்டோம் பாய் என்கிறோம். அவர் என்ன சொல்வார்? கல்லாவைத் திறக்கிறார். மலர் அச்சாகி வந்ததா, எத்தனை பிரதி என்று கேட்க அவருக்குக் கூச்சம். நானும் அப்படிப் போய் நின்றவன்தான். மோசடி என்று அதைச் சொல்ல மாட்டேன். ஆனால் திருப்தியோடு கொடுத்தாரா என்று எண்ணிப் பார்த்தால் பல முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

இரண்டாம் பில்லுக்கு வருகிறேன். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. பில்லில் இருந்தது 29இல் தொடங்கும் எண். பெங்களூரிலிருந்து குருபரப்பள்ளிக்கு வரும் இத்தகைய பில்லில் மாநிலங்களுக்கு இடையிலான ஐ.ஜி.எஸ்.டி. ஒன்றுதான் இருக்க வேண்டும். இதிலோ மத்திய வரி, மாநில வரி என்று இரண்டாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். கம்பி வாங்கிய பெங்களூர் பில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தவரும் அந்த அம்மையாரே. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் எந்த எண்ணையும் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். என் மாணவன் கைப்பேசியில் தேடினான். அந்த எண் சம்பந்தமே இல்லாத வேறொரு தொழிலுக்கு உரியதாக இருந்தது.

வக்கீல் நோட்டீஸ்தான் அச்சமூட்டியது. நோட்டீஸ் என்றால் ஏதோ நீதிமன்றக் கட்டளை என்றே நம் வீடுகளில் நினைக்கிறோம். அது ஒரு தரப்பின் கடிதம், அவ்வளவே. கிருஷ்ணகிரியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. தொழில் அம்மையாரின் பெயரில் இருந்தது இதற்கும் உதவிற்று. 15100 என்ற எண்ணில் பேசியும் கேட்கலாம். அங்கிருந்த வழக்கறிஞர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு எங்களைக் கொண்டே ஒரு பதில் எழுதச் செய்தார். நாங்கள் எந்த ஆர்டரும் தரவில்லை, தந்ததாகச் சொன்னால் கையெழுத்திட்ட தாளையும் முழுப் பேச்சின் பதிவையும் அனுப்புங்கள், முன்பு கட்டிய 17,700ஐத் திருப்பித் தாருங்கள் என்ற மூன்றே செய்திகள். ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்பினோம். போனில் இனி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம், எதுவானாலும் எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள் என்றார் அவர். இரண்டு மூன்று வாரம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பின்னர் நின்றுவிட்டது. கடிதத்துக்குப் பதில் இன்றுவரை இல்லை.

முதலில் கட்டிய பணம் போனது போனதுதான். இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. கட்டிய சில மணி நேரத்துக்குள் அழைத்தால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்புண்டு. நாங்கள் ஓராண்டு கழித்து விழித்தவர்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் ஏமாற்றுக் குற்றத்துக்குத் தண்டனை இருக்கிறது. நாங்கள் பணம் கட்டிய நாளில் அதுவே பழைய 420. புகார் கொடுத்திருக்கிறார்கள். அல்லாஹ் போதுமானவன்.

இதற்குப் பின் ஊரில் இருவர் வேறு தாள்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர், 2020இல் தொடங்கிய உத்யம் தொழிற்பதிவுக்கு ஏதோ ஓர் இணையதளத்தில் பணம் கட்டியிருந்தார். அரசின் தளத்தில் அதற்கு ஒரு காசும் கட்டணம் இல்லை. மற்றவர் காட்டியது உண்மையான பில். அவரே சொல்லிச் செய்த பெயர்ப்பலகைக்கு உரியது. அதைக் கட்டச் சொன்னேன். சொல்வதற்கு முன், யார் சொன்னீர்கள், எப்போது, எவ்வளவு என்று பேசினீர்கள் என்ற மூன்றையும் கேட்டேன். தீயவன் ஒரு செய்தியைக் கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் கட்டளையிடுகிறது. அச்சடித்த தாளும் ஒரு செய்திதானே.

என் மனம் மட்டும் ஆறவில்லை. ஒருநாள் பட்டறைக்குப் போய், 17,700இல் பாதி என் பொறுப்பு என்றேன். பட்டறைக்காரர், "என்ன ஹஜ்ரத், எங்களைக் கேலி செய்கிறீர்களா?" என்று பதறிவிட்டார். அவருடைய துணைவியார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவர் மனசு ஆறட்டும், வாங்கிக்கொள்வோம்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுக் கணக்கு நோட்டை எடுத்துப் பிரித்து, பேனாவோடு என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், அவர் எழுதினார். இன்ன தேதியில், இன்னாருக்கு, 8,850 ரூபாய் என் மீது கடன். மாதம் ஆயிரமாகத் தருவேன். சாட்சிக்கு வேலையாளையும் பக்கத்து டயர் கடைக்காரரையும் அழைத்தோம். ஐந்து மாதம் கொடுத்திருக்கிறேன். மீதி 3,850.